குழலியின் கழுத்துச் சங்கிலி

வில்லியனூர்
ஜூன் 2, 2025

அன்புத் தம்பி அரிக்கு,

அக்கா எழுதுவது. பாகூரில் அம்மா, அப்பா, நீ மூவரும் சௌக்கியம்தானே? பக்கத்திலேயே இருந்துகொண்டு என்ன கடுதாசி என்று சிரிப்பாய். போனில் உன் படிப்புப் பேச்சை எடுத்தாலே, "கடையில ஆள் நிக்குதுக்கா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். காகிதத்தை அப்படி வைக்க முடியாதே.

நீ ஆசைப்படும் மல்டிமீடியா பட்டப்படிப்பைப் பற்றி விசாரித்தேன். என்னோடு பி.காம் படித்த கிறிஸ்டினாவின் அண்ணன் லியோ பிரகாஷ், சென்னையில் அதே கல்லூரியில் முடித்தவர். மூன்று வருடத்துக்கு ஆறு லட்சமாம். நல்ல கம்ப்யூட்டர் தனி, ஹாஸ்டல் தனி. வேலையில் சேர்ந்தபோது அவருக்குக் கொடுத்தது மாதம் பதினைந்தாயிரம். வாடகையும் சாப்பாடும் போக பஸ் செலவுக்கு வீட்டில் கேட்டாராம். இதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. போட்ட பணத்தை எப்போது எடுப்பாய்? அரசுக் கல்லூரியில் பி.காம் சேர்ந்துவிடேன். படம் வரைவதை யார் தடுக்கிறார்கள்?

நீ பி.காம் படித்து என்ன கிழித்தாய் என்று கேட்டுவிடாதே. போன மாதம் என் பொண்ணு குழலிக்குக் காய்ச்சல் வந்தபோது, போன் செய்து முடிப்பதற்குள் வண்டியில் வந்து நின்றாயே, அதை நினைத்துக்கொண்டுதான் இவ்வளவும் எழுதுகிறேன். உன் நல்லதுக்குத்தான்டா.

அன்புடன்
அக்கா ஜெயசுதா


பாகூர்
ஜூன் 8, 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை மாமா தவளக்குப்பத்துக்கு, நான் வேலை செய்யும் பேனர் கடைக்கே கொண்டுவந்து கொடுத்தார். கடைக்கார அய்யனார் அண்ணன், "இன்னாடா, லவ் லெட்டரா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். அக்கா கையெழுத்து என்று காட்டியும் நம்பவில்லை.

உன் கணக்கு சரிதான். ஆனால் படித்தால் என்ன சம்பளம் என்று கேட்டாய், படிக்காவிட்டால் என்ன என்று கேட்கவில்லையே. எனக்கு இப்போது மாதம் எட்டாயிரம். அய்யனார் அண்ணனைப் போலச் சொந்தக் கடையே வைத்தாலும், கடைசிவரை காதுகுத்து பேனருக்கும் கருமாதி பேனருக்கும் போட்டோவில் தலையை வெட்டி ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

நானும் லியோ அண்ணனிடம் பேசினேன். இப்போது அவருக்கு நாற்பதாயிரம் வருகிறது. ஆனால் கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் வேறு வேலைக்குப் போய்விட்டார்களாம். "வரையத் தெரிஞ்சவன் நிக்கறான்பா, பட்டன் மட்டும் தெரிஞ்சவன் போயிடறான்" என்றார். நான் எந்தப் பாதி என்று எனக்கே தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் போக ஆசைப்பட்டேன். முதல் வருடத்துக்குக் கையில் இருந்தால் போதும், மீதிக்கு வங்கிக் கடன் கிடைக்கும் என்றார்கள்.

நீ கவலைப்படாதே. இந்த வருடம் நான் சேரவில்லை. வந்த கரும்புப் பணத்துக்கு அப்பா வேறு செலவு வைத்திருக்கிறார். எனக்கும் அதில் சம்மதம்தான். என்ன செலவு என்று மட்டும் கேட்காதே.

குழலிக்குத் தாய்மாமனின் முத்தம்.

உன்
அரி


வில்லியனூர்
ஜூன் 20, 2025

அன்புத் தம்பி அரிக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம்தான், ஆனால் உன்மேல் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்திருந்தார். காதுகுத்துக்கு நாள் குறித்துவிட்டு, குழலியை மடியில் உட்காரவைத்து, பாக்கெட்டிலிருந்து ஒரு நூலை எடுத்து அவள் கழுத்தை அளந்தார். எதற்கு என்றேன். தாய்மாமன் சீராக இரண்டு பவுனில் சங்கிலி என்றார். உன் செலவு என்னவென்று அப்போதுதான் புரிந்தது. உன் ஃபீஸ், உன் சம்பளம் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தேன். உன் முதல் வருடம் என் பிள்ளையின் கழுத்துக்கு வரப்போவது என் கணக்கில் இல்லவே இல்லையேடா.

அப்பா போனதும் அத்தையிடம் போய் நின்றேன். சங்கிலி வேண்டாம், அரி படிக்கட்டும் என்றேன். அத்தை புளி கரைத்துக்கொண்டே, "வெறுங்கழுத்தோட கொழந்தய மடியில வெச்சுக்கினா உன் தம்பிய இன்னா பேசுவாங்க தெரியுமா? எனக்கொண்ணும் இல்ல, உன் வூட்டுக்குத்தான் அசிங்கம்" என்றார். உங்கள் மாமா பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே, "யம்மா, சோறு போடற படிப்ப விட சங்கிலி பெருசா?" என்றார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் தன் அம்மாவை எதிர்த்துப் பேசி நான் கேட்டது அதுதான் முதல்முறை.

பிறகு அத்தை, "அப்ப ரோட்டோரம் பெரிய பேனரா வெக்கச் சொல்லு. என் போட்டோ நல்லா இருக்கணும்" என்று எழுந்து போய்விட்டார். இரண்டு பேருக்கும் மனசுக்குள் கும்பிட்டேன்.

அப்பாவிடமும் பேசிவிட்டேன். நீ போய்ப் பணத்தைக் கட்டு. முன்னால் எழுதியதற்கு மன்னிப்பெல்லாம் கேட்கப்போவதில்லை. பயம் இன்னமும் அப்படியேதான் இருக்கிறது.

அன்புடன்
அக்கா


பாகூர்
ஜூலை 2, 2025

அன்புள்ள அக்காவுக்கு,

பணம் கட்டியாகிவிட்டது. ரசீதை அப்பா சாமி படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறார். எனக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம்.

பேனரை மாமாவிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். அய்யனார் அண்ணன் துணிக்குக்கூடக் காசு வாங்கவில்லை. "கட்டிட்டு மறுநாளே அவுத்துடு, போலீசு வந்தா நான் வரமாட்டேன்" என்றார். அத்தை போட்டோவுக்கு மட்டும் அரை நாள் உட்கார்ந்தேன். பிரித்துப் பார். பார்த்துவிட்டு என்னைத் திட்டாதே. வெறுங்கையோடு வந்து உட்கார எனக்கு மனசு வரவில்லை.

நீ எனக்குச் செய்ததை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை அக்கா. எழுதி எழுதி மூன்று காகிதம் கிழித்தாயிற்று.

உன்
அரி


வில்லியனூர்
நவம்பர் 16, 2025

அன்புத் தம்பி அரிக்கு,

சென்னையில் மழை என்று டிவியில் காட்டினார்கள். ஹாஸ்டலுக்குள் தண்ணீர் வரவில்லையே? குடை வாங்கினாயா இல்லையா? தீபாவளிக்கு வந்தபோது கன்னம் ஒட்டியிருந்தது. மெஸ்ஸில் பிடிக்காவிட்டாலும் சாப்பிட்டுவிடு.

காதுகுத்து அன்றைக்கு நடந்ததைச் சொல்லிச் சொல்லி இங்கே இன்னமும் சிரிக்கிறோம். உன் மடியில் குழலி அழுததைவிட நீ அழுததுதான் அதிகம் என்று தெருவே சொல்கிறது. அதற்கு முன்னால் அத்தை பேனருக்கு எதிரில் போய் நின்றாரே, எனக்கு உயிரே இல்லை. படத்தில் குழலியின் கழுத்தில் நீ வரைந்து மாட்டியிருந்த சங்கிலியைப் பார்த்துவிட்டு, "எத்தினி பவுனுடா இது?" என்று கேட்டார். நீ கொஞ்சமும் அசராமல், "அஞ்சு அத்தை. ரெண்டு போட்டா தூரத்துலருந்து தெரியாது" என்றாய். "நீ வேலைக்குப் போனதும் அஞ்சையும் வாங்கிக்கறேன், ஊரே சாட்சி" என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

கணக்குப் போடுவதை நான் விட்டுவிட்டேன் என்று நினைக்காதே. வங்கியில் அடுத்த வருடக் கடனுக்குக் கையெழுத்துப் போட உங்கள் மாமா கூட வருகிறேன் என்றிருக்கிறார். நீ எந்தப் பாதியில் நிற்பாய் என்று எனக்கும் தெரியாது. வரைந்துகொண்டே இரு, அது போதும். உன் கடனுக்குப் பயந்தாலும், நீ சேர்ந்தது தப்பு என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

இன்னொன்று. மழையில் மாட்டுக் கொட்டகை ஒழுகியது. உன் பேனரைத்தான் கூரைமேல் போட்டோம். படம் வெளியே தெரிகிற மாதிரி உங்கள் மாமா கட்டப் போனார். அத்தை கீழே நின்றுகொண்டு விடவில்லை.

"திருப்பிக் கட்டுடா, படம் உள்பக்கம் இருக்கட்டும். வெயில்ல சங்கிலி வெளுத்துடும்."

தினமும் பால் கறக்கப் போகும்போது அண்ணாந்து பார்த்துக்கொள்கிறார்.

அன்புடன்
அக்கா ஜெயசுதா