கையில் இல்லாத கத்தி

இன்று காலை கஞ்சி வாசனை என்னை நிறுத்திவிட்டது. தெள்ளாருக்கு ஏழு மணிப் பேருந்தைப் பிடிக்க வேண்டும் என்று பையைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினேன். தெரு நெடுக அரக்குச் சிவப்பில் ஒரு பாவு, தறியில் ஏற வேண்டிய பட்டிழைகள், நீண்டுகிடந்தது. ஈரப் பட்டும் அரிசிக் கஞ்சியும் கலந்த அந்த வாசனை உனக்குத் தெரியும். வெயில் இன்னும் தெருவுக்குள் வரவில்லை. இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று, ஒட்டிக்கொண்ட இழைகளை விரல்களால் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

பஸ் நிலையத்துக்குப் போகும் சந்து எதிர் வரிசையில்தானே இருக்கிறது. குனிந்துதான் கடக்க வேண்டும். என் முழங்கால் இப்போதெல்லாம் என் பேச்சைக் கேட்பதில்லை. ஒரு கையைத் தரையில் ஊன்றிப் பாவுக்கு அடியில் நுழைந்தேன். தலைக்கு மேலே ஆயிரக்கணக்கான இழைகள். அவற்றின் வழியாக வந்த வெளிச்சம் என் கையையும் பையையும் தரையையும் சிவப்பாக்கியது. வெளியே நடப்பவர்களின் பேச்சு தூரத்தில் கேட்பதுபோல் இருந்தது. அந்த இடத்தில், என்னை விடத் தாழக் குனிந்தபடி, முன்னால் நீ போய்க்கொண்டிருந்தாய். நிஜமாகவே உன் முதுகைப் பார்த்தேன். எவ்வளவு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. மேலேயிருந்து யாரோ, “இன்னா பெருசு, அங்கயே குடித்தனம் வெச்சிட்டியா?” என்று கேட்டார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே அந்தப் பக்கம் வெளியே வந்தேன்.

நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. உனக்கு எழுத வேண்டிய ஒன்று அதற்கும் முன்னாலிருந்தே பாக்கி நிற்கிறது. பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து மனசுக்குள் எழுதியதை இப்போது காகிதத்தில் எழுதுகிறேன்.

நம் தெருவில் பாவுக்கென்று ஒரு சட்டம் உண்டு. பாவு நீட்டிவிட்டால் அது யாருக்காகவும் உயராது. பேங்க் மேனேஜர் வந்தாலும் குனிய வேண்டும், கல்யாண மாப்பிள்ளை வந்தாலும் குனிய வேண்டும். தாண்டக் கூடாது, தூக்கச் சொல்லக் கூடாது. இன்னொரு சட்டமும் உண்டு. ஒரு பாவுக்குக் கஞ்சி போட்டு, வெயில் ஏறுவதற்குள் இழை பிரித்துக் காயவைக்கப் பத்துப் பேர் வேண்டும். அந்தப் பத்துப் பேருக்குக் கூலி கிடையாது. என் பாவுக்கு நீ வா, உன் பாவுக்கு நான் வருகிறேன். தெரு இப்படித்தான் பிழைக்கிறது.

தெருவிலேயே உயரமானவன் நீ. உனக்குக் குனிவது என்றால் மூன்றாக மடிய வேண்டும். ஆனாலும் அவசியத்துக்கு மேலேயே குனிவாய். தலையில் இழை பட்டுவிடக் கூடாது என்கிற கவனம் என்று அப்போது நினைத்தேன். பிறகுதான் உன் சுபாவமே அதுதான் என்று தெரிந்தது.

ஒரே கொட்டகையில் பக்கத்துப் பக்கத்துத் தறியில் பன்னிரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தோம். நம் தெருவிலிருந்து கிறிஸ்தவர்களின் ஜெபவீட்டுக்கு முதலில் போனவன் நீதான். போவதற்கு முன்னாலும் சத்தம் இல்லை, போய் வந்த பின்னாலும் சத்தம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினால், பெண் பார்க்கவா போகிறாய் என்று கேலி செய்வேன். ஒரு வருஷம் கழித்து நானும் உன் பின்னால் வந்தேன். ஆனால் என்னால் சும்மா வர முடியுமா? ஊருக்கே தெரியும்படிதான் வந்தேன். கழுத்து நரம்பு புடைக்கப் பாடினேன்.

எதிர்வீட்டுக் கோதண்டம் அண்ணன்தான் எந்தக் காலை யாருடைய பாவுக்கு என்று முடிவு செய்பவர். அந்த ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்ற நாம் இரண்டு வீட்டுக்காரர்களும் போகவில்லை. தெரு வேண்டாம் என்று இருப்பவர்களுக்குத் தெருவின் கை மட்டும் எதற்கு என்று அவர் சொல்லிவிட்டார். இன்று யோசித்தால் அவருடைய வருத்தம் எனக்குப் புரிகிறது. அன்று புரியவில்லை.

உன் பாவு நீட்டிய காலை ஒருவரும் வரவில்லை. நீ, உன் மனைவி, நான், என் மனைவி. நான்கே பேர். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடி ஓடிப் பிரித்தோம். வெயில் நம்மை விட வேகமாக வந்தது. கஞ்சி காய்ந்து இழையோடு இழை ஒட்டி, ஒன்பது மணிக்கு அந்தப் பாவு பாய் மாதிரி விறைத்துவிட்டது. கோதண்டம் அண்ணன் தன் வாசற்படியில் கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் செய்தது அவ்வளவுதான். நின்று பார்த்தார்.

இழை இழையாகப் பிரித்துக் கொடு, இல்லாவிட்டால் தறியை விட்டு எழுந்துகொள் என்று முதலாளி சொன்னார். பதினொரு நாள் நீ உட்கார்ந்து பிரித்தாய். ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி, ஊதி ஊதிப் பிரித்தாய். உதடு அசைந்துகொண்டே இருந்தது. பக்கத்தில் வந்து காது கொடுத்தேன். ஒவ்வொரு இழைக்கும் தெருவிலிருந்து ஒரு பெயர். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளின் பெயர். கோதண்டம் அண்ணன் பெயர். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உனக்கு ரோஷமே கிடையாதா என்று கேட்டேன்.

“கோவம் வந்தா கை நடுங்குது, இழ அறுந்துபூடுது. அதுக்குத்தான் ஜெபம் பண்ணிகினு கீறேன்” என்றாய். இன்னொரு இழையைப் பிரித்துவிட்டு, “ஆண்டவருக்கு இந்தத் தெரு தெரியும்பா. அவரே பொறுமையா கீறாரு, நீ இன்னாத்துக்கு ஜல்தி பண்ற?” என்றாய்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெபவீட்டுக் கூரைமேல் கல் விழ ஆரம்பித்தது. தகரத்தில் கல் உருளும் சத்தத்துக்குப் பிள்ளைகள் அழும். நீ பாட்டை நிறுத்தவும் மாட்டாய், சத்தத்தைக் கூட்டவும் மாட்டாய்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

கலசப்பாக்கத்தில் ஒரு ஜெபக்கூட்டத்தில், விசுவாசத்துக்காகப் படும் பாட்டைச் சாட்சியாகச் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். உன் பாவைப் பற்றிச் சொன்னேன். ஆட்கள் வராததால் கெட்டது என்று சொன்னபோது யாரும் பெரிதாக அசையவில்லை. வாய் தானாகப் போயிற்று. எதிர்வீட்டுக்காரர் கத்தியோடு வந்து பாவைக் குறுக்கே அறுத்தார் என்றேன். கூட்டம் உச்சுக் கொட்டியது. முன் வரிசையில் பெண்கள் அழுதார்கள். அந்த அழுகை எனக்கு இனித்தது, மறைக்க மாட்டேன். சேத்துப்பட்டுக்குப் போனபோது கத்தி கொஞ்சம் நீளமாயிற்று. பாடு பட்டவன் என்ற பெயர் எனக்குப் பொன்னாடை போர்த்தியது போல் இருந்தது. பாடு பட்டதோ நீ.

மூன்றாவதாகத் தெள்ளார். அன்றைக்கு நீயும் வந்திருந்தாய். கடைசிப் பாயில் கால் மடக்கி உட்கார்ந்து முழுவதையும் கேட்டாய். பேருந்தில் சேர்ந்தே திரும்பினோம். ஆரணியில் இறங்கி, சந்துக்குள் நுழையும்போதுதான் கேட்டாய்.

“கத்தி எங்கேர்ந்துபா வந்துச்சி?”

ஜனங்களுக்கு உறைக்க வேண்டுமே என்று ஏதோ சொன்னேன்.

“அந்த ஆளு கையில இல்லாத கத்திய நீ குடுத்துட்ட” என்றாய். அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

கோதண்டம் அண்ணனின் மகளைத் தெள்ளாரில்தான் கொடுத்திருந்தார்கள். பட்டுப் பாவை அறுத்தவன் பெண்ணா நீ என்று மாமியார் வீட்டில் கேட்டிருக்கிறார்கள். அந்தப் பெண் பிறந்த வீட்டுக்கு வந்து அழுதுவிட்டுப் போனாள். தெரு கொதித்தது. ஜெபவீட்டுக்குப் பூட்டுப் போடுவோம் என்றார்கள். நம் இரண்டு குடும்பமும் ஊரைக் காலி செய்யும் நிலைமை. நான் வீட்டுக்குள் பதுங்கிக் கிடந்தேன்.

நீ வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாய். அன்று கோதண்டம் அண்ணனின் பாவு. மயில்கழுத்து நிறம். தெருவே அங்கே நின்றது. நாம் இருவரும் குனிந்து அடியில் புகுந்து அவர் நிற்கும் பக்கம் எழுந்தோம். நீலமும் பச்சையுமாக உன் முகத்தில் விழுந்த வெளிச்சம் இன்றும் என் கனவில் வருகிறது. நீ என்னைக் காட்டிக்கொடுக்கப் போகிறாய் என்று நினைத்தேன். நியாயம்தான் என்றும் நினைத்தேன்.

“அண்ணா, எங்க வாயில பொய் வந்துடுச்சி. உங்க கையில கத்தி இல்ல. தெள்ளாருக்கு வந்து உங்க சம்பந்திகிட்டயும் சொல்றேன். மன்னிச்சிடுங்க” என்று கை கூப்பினாய்.

கெட்டது உன் பாவு. கல் விழுந்தது உன் ஜெபத்தில். கை கூப்பியதும் நீ. கோதண்டம் அண்ணனின் தம்பி கஞ்சிக் குண்டானைத் தூக்கி உன் தலையில் கவிழ்த்தான். நீ நகரவில்லை. கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டாய். துடைத்த கண்ணுக்கு நேரே பாவில் ஓர் இழை அறுந்து தொங்கியது. உன் விரல் போய் அதற்கு முடிச்சுப் போட்டது. யோசித்துச் செய்ததில்லை அது, கைப்பழக்கம். தெரு முழுவதும் அதைப் பார்த்தது.

நான் பக்கத்திலேயே நின்றேன். பொய் சொன்னவன் நான் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். சொல்லவில்லை. பயந்துவிட்டேன். அன்று மாலையே நீ தெள்ளாருக்குப் போய்ச் சொன்னபடி சொல்லிவிட்டு வந்தாய். அதற்கும் நான் வரவில்லை. நீ கடைசி வரை அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. நானும் எடுக்கவில்லை.

மறுநாளே எல்லாம் மாறிவிடவில்லை. கல் இன்னும் சில மாதங்கள் விழுந்தது. ஆனால் உன் அடுத்த பாவுக்கு இரண்டு பேர் வந்தார்கள். அதற்கடுத்ததற்கு ஐந்து பேர். கோதண்டம் அண்ணன் ஒருநாள் தெருவைப் பார்த்தபடியே, வியாழக்கிழமை உனக்கு என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பிறகு, மூன்று வருஷத்துக்கு முன்னால், வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து உன்னைக் கொண்டுவந்தோம். விடியற்காலையில் நீ அங்கேயே போய்விட்டாய், தெருவுக்குச் செய்தி வந்து சேரவில்லை. சந்து முனையில் வண்டியை நிறுத்தி, உன்னை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு தெருவுக்குள் வந்தால் குறுக்கே பாவு. கஞ்சி ஈரம் காயாத பாவு. அந்தப் பக்கம் உன் வீடு. உன்னைத் தூக்கிக்கொண்டு குனிய முடியாது. சுற்றிப் போகலாம் என்று திரும்பினோம். கோதண்டம் அண்ணன் கையை உயர்த்தினார். முனைக் கயிற்றைத் தளர்த்தச் சொன்னார். இரண்டு பக்கமும் நின்றவர்கள் கழிகளைப் பிடித்துப் பாவைத் தலைக்கு மேல் தூக்கினார்கள். உன் தலையில் கஞ்சி ஊற்றிய அந்தத் தம்பியும் ஒரு கழியைப் பிடித்திருந்தான். மேலே இழைகள் பொன்னிறத்தில் ஆடிக்கொண்டிருந்தன. யாருக்கும் உயராத பாவின் கீழே நீ நேராகப் படுத்தபடி வீட்டுக்குப் போனாய்.

இன்றைய கதைக்கு வருகிறேன். உன் தலையில் கஞ்சி விழுந்த அன்றோடு சாட்சி சொல்வதையே விட்டுவிட்டேன் அல்லவா? போன வாரம் தெள்ளாரிலிருந்து போதகர் பேசினார். ஒரு தெருவில் ஜெபம் நடத்தவிடாமல் தடுத்துவிட்டார்களாம், இருபது முப்பது பேர் பயந்துபோய் இருக்கிறார்களாம், பழைய சாட்சியை வந்து சொல்லுங்கள் என்றார். போனேன். அதே கூடம், அதே மாதிரிப் பாய். கத்தி இல்லை என்று ஆரம்பித்தேன். பொய் சொன்னது யார், தலையில் கஞ்சி வாங்கியது யார், வாயை மூடிக்கொண்டு நின்றது யார் எல்லாம் சொன்னேன். எதிர்த்தவர்களின் பெயரைச் சொல்லி இழை பிரித்த ஒருவன் இருந்தான், அவன் நம்பிக்கை வீண்போகவில்லை, உங்களுடையதும் போகாது என்றேன். யாரும் உச்சுக் கொட்டவில்லை. கடைசியில் ஒரு பெண் எழுந்து, தங்களைத் தடுத்தவர்களின் பெயர்களைச் சொல்லி ஜெபிக்கலாமா என்று கேட்டாள். ஜெபித்தோம்.

ஊர் திரும்பியதும் நேராகக் கோதண்டம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இப்போது காது மந்தம். குனிந்து காதருகில் சொன்னேன். அந்தக் கத்தியைச் சொன்னவன் நான்தான், அவன் இல்லை என்றேன்.

“தெரியும்பா” என்றார். “அவன் வந்து நின்னப்பவே தெரியும், பேசனது அவன் வாயி இல்லன்னு. அப்பால தனியா கூப்ட்டுக் கேட்டேன், யார்றா சொன்னதுன்னு. பேரு சொல்லல. சொன்னவனே ஒருநாள் வருவான் அண்ணா, வந்தா கோச்சிக்காதீங்கன்னான்.”

“இம்மா நேரமா வர்றதுக்கு?” என்று கேட்டு என் கையைத் தட்டினார்.

அழுதேன். அவர் தண்ணீர் கொடுத்தார். ஆண்டவர் பொறுமையாக இருக்கிறார் என்று சொன்னாயே, நீயும் அல்லவா அப்படி என்னை நம்பிக் காத்திருந்திருக்கிறாய்.

வெளியே வந்தபோது பாவைச் சுருட்டி எடுத்துவிட்டிருந்தார்கள். வெறும் தெரு, சாயங்கால வெயில், கஞ்சி சொட்டிய கோடு மட்டும் மண்ணில் நீளமாகக் காய்ந்திருந்தது. வீட்டுக்கு நடந்தேன். அந்தக் கோடு வந்ததும் குனிந்துதான் கடந்தேன்.