குளிரில் மட்டும் தெரியும் புகை

ஒருநாளும் பெயர் சொல்லி நான் கூப்பிடாத என் வீட்டுக்காரருக்கு,

சுகமா என்று கேட்டுத்தான் எழுத வருகிறது. கேட்கக் கூடாதோ?

எண்பத்து மூன்றாம் ஆண்டு மார்கழி. வஹகோட்டைக் கோயிலுக்கு வாடகைக்கு ஆளேற்றி ஹயர் போக, விடியும்போதே காரை ஸ்டார்ட் பண்ணி வைத்திருந்தீர்கள். நம்ம ரத்தோட்டைக் குளிருக்குக் காரின் பின்னால் வெள்ளை வெள்ளையாகப் புகை வந்தது. வளைவில் ஜீப்பில் வந்த ஆர்மிக்காரர்கள் உங்களைக் கூப்பிட்டார்கள். கழுத்தில் சுற்றியிருந்த துண்டை, அவர்களுக்கு மரியாதையாக, அவிழ்த்து என் கையில் கொடுத்தீர்கள்.

"ஏதோ கேக்கணுமாம். இந்தா வந்துர்றேன். இஞ்சின நிப்பாட்டிறாத, சூடேறட்டும்."

நான் காரை விட்டு நகரவில்லை. வெயில் ஏறியதும் புகையைக் காணோம். பதறிப்போய்ப் பொனட்டில் கை வைத்தேன். இஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அது வெறும் தண்ணி ஆவி, குளிரில் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும் என்று நீங்கள் எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. மத்தியானம் பெட்ரோல் தீர்ந்து கார் தானாக நின்றது. நீங்கள் வரவில்லை.

அந்தப் புகையைத்தான் இத்தனை வருஷமும் நம்பியிருந்தேன். கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் இல்லையென்று ஆகிவிடுமா? முகாம் முகாமாக ஏறி இறங்கினேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. உங்கள் படத்துக்கு மாலை போட யாரையும் விடவில்லை. பொட்டையும் அழிக்கவில்லை. ஊர் பேசியது, பேசட்டும்.

இப்போது நம்ம மகனுடைய மகள் சுமதிக்குக் கல்யாணம். நீங்கள் பார்க்காத பேத்தி. டீச்சர். நம்ம பழைய காரை அவள்தான் ஓட்டுகிறாள், நம்ம வம்சத்திலேயே ஸ்டியரிங் பிடித்த முதல் பொம்பளை! கல்யாணக் கார்ட் அடிக்கும்போது மகன் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்: "அம்மா, அப்பா பேருக்கு முன்னால காலஞ்சென்றன்னு போடவா?"

எழுந்து போய்விட்டேன்.

மறுநாள் நல்ல குளிர். சுமதி காரை ஸ்டார்ட் பண்ணிவிட்டுச் சேலை உடுத்தப் போனாள். அதே வெள்ளைப் புகை. உங்கள் துண்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் நின்றேன். வெயில் வந்தது. புகை போனது. நீங்கள் அன்றும் வரவில்லை.

"என்னா அப்பாயி, காருக்குக் காவலா? என் கல்யாணத்துக்கு நீங்கதான் டிரைவரா?"

"சாவிய எந்தப் பக்கம் திருப்புறது?"

"நிப்பாட்டவா? இந்தப் பக்கம்..." என் முகத்தைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

நானே திருப்பினேன். கார் ஒரு குலுக்குக் குலுக்கி அடங்கியது.

நிப்பாட்டாதே என்றீர்கள். பொறுத்துக்கொள்ளுங்கள். உள்ளே போய் மகனிடம், "போடுப்பா" என்றேன்.

கல்யாணத்துக்கு முன்னால் உங்களுக்குப் படையல் போடுகிறேன். இதுவரை தண்ணீர் காட்டாத அந்தத் துண்டைத் துவைத்து இலைப் பக்கத்தில் வைப்பேன். இது சத்தியம். பொட்டை மட்டும் அழிக்க மாட்டேன். அதை யாரும் கேட்கவும் வேண்டாம், நீங்கள்கூட.

இப்படிக்கு,
துண்டோடு நிற்கும் உங்கள் பெண்சாதி,
சுமதியின் அப்பாயி