மயிரிழை பருத்த சன்னம்

மச்சான்,

வீட்டுக்குக் கீழ, கெல்லர் அறையில் ஈயம் உருகுது. அழுக்குப் பிரிய ஒரு மெழுகுத்துண்டு போட்டன். அந்தப் புகை மூக்கில் ஏறினதும் உன்னோட கதைக்கவேணும் போல கிடக்குது. இல்லை, சண்டை பிடிக்கவேணும் போல.

ஜேர்மனியில், வுப்பர்டாலில் நீ வேலை செய்த டயர் கடையில், சில்லுச் சமநிலைக்குப் பூட்டிக் கழிச்ச ஈயக் கட்டைகளை வாளியில் கொண்டுவருவாய். இரண்டு பேரும் அதை உருக்கித் துவக்குக்குச் சன்னம் வார்ப்பம். ஈயத்தால் இங்கே வேட்டையாட விடமாட்டாங்கள், சுடுதளம் மட்டும்தான். இருந்தும் கையால் வார்த்த சன்னத்தை உன்ர பழைய வேட்டைத் துவக்கால் ஒரே இடத்தில் விழுத்திக் காட்டவேணும் எண்டது உன்ர வீம்பு. துவக்குக்குப் பயந்து ஓடிவந்தவங்கள் துவக்கு வாங்கியிருக்கிறாங்கள் எண்டு கோயில் வாசலில் எங்கட சனம் நக்கலடிச்சது. "ஓம், அப்ப எங்களைச் சுட்டாங்கள். இப்ப நாங்கள் கடதாசியைச் சுடுறம். உங்களுக்கு எங்க நோகுது?" எண்டு கேட்டாய்.

ஆனால் சன்னங்கள் கடதாசியில் அங்கையும் இங்கையுமாச் சிதறி விழுந்தன. வெடிமருந்தைக் கூட்டினம், குறைச்சம், ஒண்டும் சரிவரேல்லை. சுடுகழகத்தில் ஒரு மனிசன் உன்ர கையைப் பார்த்துத் தலையாட்டினார். நரம்பு வருத்தம் வந்தபிறகு உனக்கு விரல் நடுங்கினது உண்மைதான். நானும் கையைத்தான் பார்த்தன். "என்னால ஏலாது மச்சான்" எண்டு துவக்கை உறையில் வைச்சாய். பிறகு நீ அதை எடுக்கவேயில்லை.

நீ போனபிறகு உன்ர மனுசி அதை முறைப்படி என்ர பேருக்கு மாத்தித் தந்தா. மிச்சமிருந்த சன்னங்களை நான் சுட்டன். எனக்கும் சிதறிச்சு. என்ர கை நடுங்காதே! அப்பதான் மூளை வேலை செய்தது. மென்மையான ஈயத்துண்டு ஒண்டைத் துவக்குக் குழலுக்குள்ளால தள்ளி எடுத்து அளந்தன். புத்தகத்தில் போட்ட அளவை நம்பி நாங்கள் சன்னத்தை அச்சில் நெரிச்சு ஒடுக்கினனாங்கள். உன்ர கிழட்டுக் குழலோ அதைவிட மயிரிழை அகலம். பிடியில்லாமல் வழுக்கிப் போயிருக்கு. மருந்தை மாத்தி மாத்தி மினக்கெட்ட நாங்கள் குழலை ஒருநாளும் அளக்கேல்லை, விசரர்.

சன்னத்தை ஒடுக்காமல், குழலுக்கு ஏற்ற பருமனில் விட்டன். போன சனிக்கிழமை ஐந்து வெடி. ஐந்து ஓட்டையும் ஒரு இரண்டு யூரோ நாணயக் குற்றிக்குள் அடங்கும். அந்த மனிசன் வந்து பார்த்து, எனக்கு நல்ல கை எண்டார். எனக்கு வந்த கோபம்! சன்னம்தான் சிறிசு, என்ர சிநேகிதனின் கையில் ஒரு பிழையும் இருக்கேல்லை எண்டு, அங்க நிண்ட எல்லாருக்கும் கேட்க ஜேர்மன் மொழியில் சொன்னன்.

உன்ர கையையே குற்றம் சொல்லிக்கொண்டு நீ செத்துப்போனாய். நானும் அதுக்கு ஆமா போட்டவன். அது எனக்கு ஆறாது. ஆனால் அந்தத் தீர்ப்பை இனி ஒருத்தரும் சொல்ல விடமாட்டன். ஐந்து ஓட்டை விழுந்த அந்த இலக்குக் கடதாசி என்ர பேர்ஸுக்குள்ள கிடக்குது. சுட்டவர் பெயர் எண்டு அச்சடிச்ச இடத்தில் உன்ர பேரைத்தான் எழுதியிருக்கிறன்.