கோட்டுக்குள் ஒரு நாள்

மாப்ளே,

துணி துவைக்க உட்கார்ந்த என் வீட்டுக்காரி என் பேன்ட் பையைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "ஏங்க, நீங்க மர வேலை பாக்கீங்களா, இல்ல பள்ளிக்கூடத்துல பாடம் எடுக்கீங்களா?" என்று சத்தம் போட்டாள். பை நிறைய சாக்பீஸ் துண்டுகள். சாக்பீஸ் எப்போதும் உன் பையில்தான் இருக்கும், என் பையில் இருந்ததே இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். உனக்கு ஒரு சேதி இருக்கிறது, சொல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

தாராவியில் நாம் கடை போட்ட நாளிலிருந்து நீ வரைவாய், நான் அறுப்பேன். பிளைவுட் வந்து இறங்கினால் எனக்குக் கை பரபரக்கும். நீயோ அசைய மாட்டாய். கட்டிலோ பீரோவோ எதுவானாலும், அது நிற்கப்போகிற வீட்டுத் தரையிலேயே அதே அளவில் சாக்பீஸால் வரைந்துவிட்டு, "கோட்டுக்குள்ள ஒரு நாள் குடியிருங்க. பொறவு அறுப்போம்" என்று வீட்டுக்காரர்களிடம் சொல்லிவிட்டு வந்துவிடுவாய். அவர்களும் இல்லாத பீரோவைச் சுற்றிச் சுற்றி நடப்பார்கள். இல்லாத மேஜையில் இடித்துக்கொள்ளாமல் ஒதுங்குவார்கள். மறுநாள் நாம் போகும்போது, "இந்த மூலை இடிக்கிறது, ஒரு சாண் தள்ளுங்கள்" என்று அவர்களே சொல்வார்கள். "நீ கோடு போட்டு முடிக்கதுக்குள்ள பிளைவுட்டைக் கரையான் தின்னுரும்ல" என்று நான் உன்னை எத்தனை தடவை கரித்துக் கொட்டியிருப்பேன்!

மாட்டுங்காவில் அந்த உயரமான பீரோ ஞாபகம் இருக்கிறதா? ஒரு நாளல்ல, இரண்டு நாள் கோட்டுக்குள் குடியிருந்தார்கள். எல்லாம் கச்சிதம். பீரோவை நிறுத்திக் கதவைத் திறந்தால், டங்கென்று மின்விசிறி இறக்கையில் போய் முட்டியது. எனக்கு மானமே போயிற்று. நீயோ தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாய். "தரையைப் பாத்தோம், தலைக்கு மேல பாக்கலியே மக்கா!" அடுத்த வேலையிலிருந்து கோடு போட்ட கையோடு, உயரத்துக்கு ஒரு நூலையும் கட்டித் தொங்கவிட ஆரம்பித்தாய்.

நீ போய்ச் சேர்ந்த பிறகு நான் புது வேலை எதையும் எடுக்கவில்லை. கீல் மாற்றுவது, இழுப்பறை சரிபார்ப்பது, அவ்வளவுதான். யாராவது கட்டில் கேட்டால், நேரமில்லை என்று வாய் கூசாமல் பொய் சொன்னேன். பயம் மாப்ளே. உன் பிளான் இல்லாமல் மரத்தில் ரம்பம் வைக்கக் கை வரவில்லை.

அப்போதுதான் சுனாபட்டியிலிருந்து ஒரு பெண் வந்தாள். நம் ஊர்ப் பக்கத்துப் பிள்ளைதான். சால் என்கிற வரிசை வீட்டில் ஒற்றை அறை. மாமனாருக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆகி ஆஸ்பத்திரியில் இருக்கிறார், இனித் தரையில் படுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். கட்டில் போட இடமில்லை என்றால் உல்லாஸ்நகரில் இருக்கும் மூத்த மகன் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். "அங்க போவ அவருக்கு மனசே இல்லண்ணே. அத்தை இருந்த வீடு இது. சனிக்கிழம வாராரு, எப்படியாவது பாருங்கண்ணே" என்றாள். முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "அளவு எடுக்க நாளைக்கு வாறேன்" என்று வந்துவிட்டது.

சுவரோடு மடித்து நிறுத்துகிற கட்டில். வேண்டும்போது இறக்கலாம், மீதி நேரம் அந்த இடத்தில் அவள் உட்கார்ந்து காய் நறுக்கலாம். காலி சுவர் ஒன்றுதான் இருந்தது. கோடு போட்டேன், நூல் கட்டினேன், ஒரு நாள் இருந்து பாருங்கள் என்று உன் குரலிலேயே சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் போனால் அவள் முகம் தொங்கிக் கிடந்தது. "அண்ணே, மத்தியானம் கோட்டுக்குள்ள நானே படுத்துப் பாத்தேன். தலை வடக்கல்லா இருக்கு? மாமா ஒரு நிமிசம் படுக்க மாட்டாரு."

வெயில் எட்டிப் பார்க்காத சந்து அது. டேப்பைப் பார்த்த நான் திசையைப் பார்க்கவில்லை. சரி, தலையைத் தெற்கே மாற்றுவோம் என்றேன். அவள் வடக்குச் சுவரைக் காட்டினாள். அங்கே சாமிப் படங்களோடு அலமாரி. தெற்கே தலை வைத்தால் கால் சாமிக்கு நேராக நீளும். அலமாரியை மாற்றலாமே என்றால், "அது அத்தை வச்ச எடம். மாமாவைக் கேக்காம நான் தொடமாட்டேன்" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீட்டில் எல்லாரையும் கேட்டேன், படுக்கப்போகிற மனிதரை மட்டும் கேட்கவில்லை! அப்படியே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கட்டில் பக்கத்துத் தரையில் சாக்பீஸால் அவர் அறையை வரைந்தேன். நர்ஸ் திட்டினாள், திட்டட்டும். பெரியவர் தலையைத் தூக்கி வெகுநேரம் பார்த்தார்.

"சாமியைக் கெழக்குச் சுவத்துக்கு மாத்திரு தம்பி. அங்க வச்சுட்டுப் போனவ ஒண்ணும் சொல்லமாட்டா. ஆனா ஒண்ணு. காலைல கண்ணு முழிச்சா நான் ஏந்திரிக்காமலே வெளக்கு தெரியணும். அதுக்கு முடியுமா?"

முடியுமாவா! அவர் வீட்டுக்குத் திரும்பி வந்தேன். கட்டில் உயரத்துக்கு நாலு பெட்டியை அடுக்கி, அதன்மேல் தெற்கே தலை வைத்து ஒருக்களித்துப் படுத்தேன். அந்தப் பிள்ளை கிழக்குச் சுவரில் விளக்கைப் பிடித்தபடி ஏற்றி இறக்கினாள். மேலே... இன்னும் மேலே... அடுப்பு மேடை மறைக்காமல் சுடர் முழுசாகத் தெரிந்த இடத்தில், "நிப்பாட்டு!" என்று கத்தினேன். அங்கே நூல் கட்டினோம். இருவரும் பைத்தியம் மாதிரிச் சிரித்தோம். அன்றைக்கே பிளைவுட் அறுத்தேன். கை தானாக வந்தது மாப்ளே. ஒரு நூல்கூடப் பிசகவில்லை.

சனிக்கிழமை பெரியவர் வந்தார். ஒற்றைக் கையால் கட்டிலை இறக்கிக் காட்டினேன். மெதுவாகப் படுத்தார், கிழக்கே திரும்பினார். விளக்கையே பார்த்துக்கொண்டு கிடந்தார். பிறகு மருமகளிடம் சொன்னார்: "பெரியவனுக்கு ஒரு போனைப் போட்டுச் சொல்லிரும்மா. நான் வரல."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "யாரு பிளான்ணே இது?" என்று கேட்டாள். இத்தனை வருடப் பழக்கம், "என் பார்ட்னர்" என்று வாயில் வந்துவிட்டது. "அவரு வரலியா?" என்றாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது எனக்கு. ஒரு நாள் பொறுக்கவும், பொறுத்தபின் கேட்கவும் எனக்கு நீதானே பழக்கிவிட்டாய்? வேறு எதைச் சொல்ல?

"வந்திருக்காரு" என்றேன்.