தப்பு வராத வாக்கியங்கள்

அம்மாவுக்கு வணக்கம்.

உங்கள் மூட்டுவலி தேவலையா? பாப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை முடிந்ததும் இந்த ஊர் மொழி படிக்க வகுப்புக்குப் போகிறேன் அல்லவா, போன மாதம் அங்கே ஒரு கூத்து. டீச்சர் ஆளுக்கொரு வீட்டுக் கதை கேட்டார். நான் கிளம்பிய அன்று பாப்பா என் துப்பட்டாவை விடாமல் அழுததைச் சொல்ல ஆரம்பித்தேன். வார்த்தைக்கு வார்த்தை குறுக்கே திருத்தினார். கடைசியில் அதைப் பலகையில் சரியாக எழுதிப் போட்டு, "எல்லாரும் சேர்ந்து சொல்லுங்க" என்றார். பாப்பா அழுததை வகுப்பே வாய்ப்பாடு மாதிரி ராகம் போட்டுச் சொன்னது. நானும்தான் சேர்ந்து சொன்னேன். டீச்சர் தங்கமான மனுஷி, அவரைக் குறை சொல்ல முடியாது.

அதிலிருந்து தப்பு வராத வாக்கியங்களை மட்டும்தான் பேசுகிறேன். "நான் நலம். வேலை நன்றாகப் போகிறது. இங்கே எல்லோரும் நல்லவர்கள்." டீச்சருக்கு ஒரே சந்தோஷம். "இப்பல்லாம் நீங்க தப்பே விடறதில்ல!" என்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை போனைப் பாப்பாவிடம் கொடுங்கள். மழலையில் எதை எப்படிச் சொன்னாலும் குறுக்கே திருத்தாதீர்கள், அம்மா. அவள் சொல்லி முடிக்கட்டும்.

பஸ் வந்துவிட்டது. நான் நலம். வேலை நன்றாகப் போகிறது. இங்கே எல்லோரும் நல்லவர்கள்.

உங்கள் மகள்