ஆய்வுக்கு வைத்த வெங்காயம்

நவ. 3, திங்கள்

காலையிலிருந்து தூறல். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு முழுக்கச் சேறு. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஆபீஸ்.

இன்றைக்கு: பயணியர் மாளிகை அறைகள் (ஒரு ஏசி ஓடவில்லை). சால்வை. வண்டிப் பட்டியல். முட்டி வலித் தைலம்.

சட்டமன்றக் குழு வியாழக்கிழமை வருகிறது. முதலில் அரியலூர், பிறகு நாங்கள். தணிக்கையில் மாட்டிய வேலைகளை நேரில் பார்க்கிறார்கள். எங்கள் துறையில் மாட்டியது, பாடாலூருக்கு அந்தப் பக்கம் கட்டின வெங்காயக் கிடங்கு. கட்டடம் ஒன்றுதான். ஆனால் அஸ்திவாரம் ஒரு வேலை, சுவர் ஒரு வேலை, கூரை ஒரு வேலை, கதவு ஒரு வேலை என்று நாலாக நறுக்கினார்கள். நறுக்கினால் எல்லாம் சின்ன வேலை, டெண்டர் விட வேண்டாம். நாலும் போனது ஒரே வீட்டுக்கு. கான்ட்ராக்டர், அவர் சம்சாரம், மச்சினன், மச்சினன் சம்சாரம். சுவரில் காற்றுத் துவாரம் வைத்ததாகப் பில் இருக்கிறது. துவாரம் இல்லை.

குழு விளக்கம் கேட்டதற்குப் போன மாதமே பதில் போய்விட்டது. "கிடங்கு விவசாயிகளின் முழுப் பயன்பாட்டில் உள்ளது." எழுதியது நான். செ.பொ. (செயற்பொறியாளர், எங்கள் அதிகாரி) சொல்லச் சொல்ல எழுதினேன். மேசை மேல் கண்காணிப்பாளர் என்று போர்டு வேறு. என்னத்தைக் கண்காணித்தேனோ.

கட்டின நாளிலிருந்து கிடங்கு காலி. பூட்டு துருப்பிடித்துவிட்டது.

நவ. 4, செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம்.

செ.பொ. கூப்பிட்டார். "மேடம், முழுப் பயன்பாடுன்னு எழுதிக் குடுத்துட்டோம். கதவத் தொறந்தா உள்ள பல்லி மட்டும் இருந்தா நல்லாவா இருக்கும்? உங்க நாத்தனார் வூடு அங்கதானே?"

"ஆமா சார்."

"வெங்காயம் இருக்குமில்ல?"

"விதைக்கு வச்சிருக்காங்க சார்."

"ஒரே நாள் மேடம். வியாழக்கிழமை பாத்துட்டுப் போயிருவாங்க. சாயங்காலமே நம்ம வண்டியில திருப்பி அனுப்பிடலாம்."

நம்ம வண்டி, நம்ம ஆளு எல்லாம் காரியம் ஆகிற வரைக்கும்தான். இத்தனை வருஷ சர்வீஸில் இதுகூடவா தெரியாது. தெரிந்தும் தலையாட்டினேன். முடியாது என்று சொல்லி, அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதைப் பார்க்கத் தெம்பில்லை.

ஆபீஸ் விட்டதும் செல்வி வீடு. என் வீட்டுக்காரரின் தங்கை. பின்பக்கம் விதை வெங்காயத்தைச் சேர்த்து வைக்கிற பட்டறை. கல் வைத்துத் தூக்கி, மூங்கில் பரப்பி, நாலு பக்கமும் காற்று நுழைகிற மாதிரி விளார்க் குச்சி கட்டி, மேலே கீற்று. கார்த்திகை பிறந்ததும் நடவேண்டிய விதை. அவ்வளவும் அவள் உழைப்பு.

"பட்டறையக் கலைக்கிறதா அண்ணி? மூடுன கட்டடத்துல வெங்காயம் இருந்தா அவிஞ்சு போயிடுமே."

"ஒரு நாள்ல என்னாடி அவியப் போவுது."

பட்டறையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். "நீங்க வந்து கேட்டு நான் இல்லேங்கிறதா. எடுத்துக்கங்க. வியாழக்கிழமை சாயங்காலம் வந்துரணும், ஆமா."

வந்துரும் என்றேன். காப்பி கொடுத்தாள். நல்ல காப்பி.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "என் தங்கச்சி வூட்டு விதையிலயா கை வைக்கிறே? வெளங்குமா உங்க ஆபீஸு?" துணி மடித்தேன்.

நவ. 5, புதன்

வெங்காயம் கிடங்குக்குப் போயிற்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நாங்கள் காலிக் கிடங்கை வெங்காயத்தில் மறைக்கிறோம்.

பாதையின் இரண்டு பக்கமும் சுண்ணாம்புக் கோடு. பெயிண்ட் காயவில்லை, என் முந்தானையில் பச்சை. கூரை மூலையில் பெரிய ஈரக் கறை. செ.பொ. அண்ணாந்து பார்த்தார். அதன் மேலும் ஒரு கை வெள்ளை அடிக்கச் சொன்னார்.

செல்வி மூட்டைகளின் வாயை அவிழ்த்துவிட்டுக்கொண்டே போனாள். "காத்தாவது படட்டும்." பின்னாலேயே செ.பொ.வின் ஆட்கள் கட்டிக்கொண்டே வந்தார்கள். கட்டி அடுக்கினால்தான் பார்வைக்கு அழகாம்.

தைலம் வாங்க மறந்தேன்.

நவ. 6, வியாழன்

குழு வரவில்லை.

காலை முழுக்கக் கிடங்கு வாசலில். பந்தல், நாற்காலி, இளநீர். செல்வி பட்டுப் புடவையில் பயனாளி வரிசையில் முதல் ஆளாக நின்றாள். மத்தியானம் தகவல். அரியலூரில் ரோடு பார்க்கப் போன இடத்தில் ஜனங்கள் மறித்துக்கொண்டு இன்னும் மூன்று ரோட்டைக் காட்டியிருக்கிறார்கள். ஆய்வு நீண்டுவிட்டது. இங்கே திங்கட்கிழமைதான்.

"வெங்காயத்த எடுத்துரலாம் சார். திங்கக்கிழமை காலையில மறுபடி அடுக்கிக்கலாம்."

"அடுக்குறது, பிரிக்கிறது, இதே வேலையா மேடம்? நாலு நாள்தானே. பூட்டுங்க."

சாவி அவர் பைக்குள் போயிற்று. செல்வி என்னைப் பார்த்தாள். நான் பந்தல்காரரைப் பார்த்தேன். குழுவுக்குச் சமைத்ததை நாங்களே சாப்பிட்டோம். கத்திரிக்காய் நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்குத் தெரியவில்லை.

நவ. 8, சனி

ஐப்பசி அடைமழை. வீட்டில் ஒரு துணி காயவில்லை.

செல்வி போன். "அண்ணி, கெடங்குக்குப் போயிருந்தேன். கதவு இடுக்குல மோந்து பாத்தேன். வாசம் மாறுது. கதவ மட்டும் தொறந்து விடச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

செ.பொ.வுக்குப் போன். திருச்சியில் கல்யாணத்தில் இருக்கிறார், பின்னால் நாதஸ்வரம். திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

"பூட்ட ஒடைச்சிரட்டுமா சார்?"

"அது அரசாங்கப் பூட்டு மேடம்."

அதற்கு நான் மனதுக்குள் சொன்னதை இங்கே எழுதுவதாக இல்லை.

நவ. 9, ஞாயிறு

மழை. செல்வி கூப்பிடவில்லை. இரண்டு தடவை போனை எடுத்தேன், வைத்துவிட்டேன். என்ன சொல்ல?

நவ. 10, திங்கள்

வெயில். மழை விட்டது இன்றைக்குப் பார்த்துத்தான்.

வரிசையாக வெள்ளைக் கார்கள். செ.பொ. குழுவோடேயே வந்தார், சாவியும் அவரோடு. தலைவர், உறுப்பினர்கள் எல்லோரும் வாசலில் நிற்கும்போதுதான் பூட்டைத் திறந்தார். கதவு திறந்ததும் அடித்தது பாருங்கள் ஒரு நாற்றம். சால்வைத் தட்டோடு நின்ற பெண் தட்டை வைத்துவிட்டு ஓடிப்போனாள். அடுக்கின மூட்டைகளிலிருந்து கறுப்பாகத் தண்ணீர் வழிந்து வாசல்வரை வந்திருந்தது. கூரை மூலையிலிருந்து சொட்டிக்கொண்டேயிருந்தது.

ஓர் உறுப்பினர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னாய்யா இது, வெங்காயக் கெடங்கா, வேற எதாவதா?" என்றார்.

செ.பொ. அசரவே இல்லை. "விவசாயிங்க சரியா காய வைக்காம கொண்டாந்து போட்டுர்றாங்க சார். எவ்வளவு சொன்னாலும் கேக்குறதில்ல."

தலைவர், அதே பட்டுப் புடவையில் பயனாளி வரிசையில் நின்ற செல்வியிடம் திரும்பினார். "உங்க வெங்காயமாம்மா? ஈரத்தோட போட்டீங்களா?"

செல்வி வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அண்ணி மாட்டிக்கொள்வாள். அந்தப் பட்டுப் புடவையோடு, தன் விதை அழுகின தண்ணீருக்குப் பக்கத்தில், தப்புச் செய்தவள் மாதிரி தலையைக் குனிந்துகொண்டாள்.

அதைப் பார்த்த பிறகு என்னால் நிற்க முடியவில்லை. அட, போனால் போகட்டும் என்று முன்னால் வந்துவிட்டேன்.

"அவங்க நல்லாத்தான் காய வச்சிருந்தாங்க சார். ஈரம் கூரையில. போன புதன்கிழமை நாங்கதான் போய்க் கேட்டு வாங்கியாந்து அடுக்குனோம். நீங்க பாக்குறதுக்காக. அதுக்கு முன்னாடி இங்க ஒரு வெங்காயம் வச்சதில்ல. முழுப் பயன்பாடுன்னு எழுதுனது நான்தான் சார்."

தலைவர் அண்ணாந்து கூரையைப் பார்த்தார்.

தலைவர் சுவரைச் சுற்றி நடந்தார். துவாரம் எங்கே என்று கேட்டார். செ.பொ. கைக்குட்டையைத் தேடினார். நாலாக நறுக்கினது ஏன், நாலும் ஒரே வீட்டுக்குப் போனது எப்படி என்று எழுத்துமூலம் விளக்கம் கேட்டுவிட்டுக் குழு வண்டி ஏறிற்று. சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டதாம்.

செல்வி ஒரு மூட்டையை அவிழ்த்துக் கையை விட்டாள். விரல் உள்ளே போய்க்கொண்டேயிருந்தது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். புடவை வீணாகிறது என்று சொல்ல வந்தேன்.

நவ. 11, செவ்வாய்

மேகமூட்டம். ஆபீஸில் யாரும் பக்கத்தில் வரவில்லை. நான் உள்ளே போனதும் பேச்சு நின்றுவிடுகிறது. டைனிங் ரூம் வாசலில் காதில் விழுந்தது: "அந்தம்மாவுக்கு என்னா வந்துச்சு? நாத்தனார்னதும் பாசம் பொத்துக்கிட்டு வந்துருச்சாக்கும்."

ஆமாம், பொத்துக்கொண்டுதான் வந்தது. கொஞ்சம் முன்னாலேயே வந்திருக்கலாம். நாலாம் தேதி வந்திருந்தால் விதை மிஞ்சியிருக்கும்.

தயிர் சாதம். தைலம் வாங்கினேன்.

நவ. 14, வெள்ளி

லேசான தூறல். மேசை மேல் இரண்டு தபால்.

ஒன்று, குழு கேட்ட விளக்கம். டெண்டர் விடாமல் வேலையைப் பிரித்தது ஏன்? பதில் தயாரிக்க வேண்டியது என் பிரிவு. செ.பொ. ஓரத்தில் பென்சிலில் குறித்திருக்கிறார்: "விவசாயிகள் நலன் கருதி, அவசரம் கருதி."

இன்னொன்று எனக்கு மெமோ. "ஒப்பந்தப்புள்ளி ஏதும் கோராமலும், மேலிட அனுமதி பெறாமலும், தங்கள் உறவினரிடமிருந்து வெங்காயம் பெற்று அரசுக் கிடங்கில் வைத்தமைக்காகத் தங்கள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது?" கீழே செ.பொ. கையெழுத்து.

இரண்டு தரம் படித்தேன். சிரிப்புத்தான் வந்தது. நாலு வேலையையும் ஒரே வீட்டுக்குக் கொடுத்ததற்கு ஒருத்தனுக்கும் ஒரு மெமோ இல்லை. வெங்காயத்துக்கு நான் டெண்டர் விட்டிருக்க வேண்டுமாம்.

மெமோவைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும்போதே செல்வி போன். பொறுக்கிப் பார்த்துவிட்டாள். விதைக்கு ஆகிற மாதிரி ஒன்றுமில்லை. "இந்த வருசம் மக்காச்சோளம் போட்டுக்கிறோம் அண்ணி. அதுவும் ஒரு வெள்ளாமைதானே." குரலில் கோபமே இல்லை. திட்டித் தொலைத்தால் தேவலை.

பிறகு, "எங்களால உங்களுக்கு ஆபீஸ்ல ஒண்ணும் பிரச்சினை இல்லியே அண்ணி?" என்றாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லடி," என்றேன். "சாப்ட்டியா?"