ஸெய்தூன்காரரோடு ஒரு சம்பந்தம்

2 மார்ச் 2025

வாஹானைப் பற்றி வீட்டில் சொல்லிவிட்டேன். ஆர்மேனியன், பாடன் நகரில் எஞ்சினியர், மூன்று வருடப் பழக்கம் — எல்லாம் ஒரே மூச்சில். அம்மா அடுப்பை நிற்பாட்டினார். அப்பா கேட்டது ஒன்றுதான்.

"அவையும் எங்களை மாதிரி அடிபட்ட சனமோ?"

ஓம் என்றேன்.

"அப்ப நல்ல சனம். ஆனா கலியாணம் சரிவராது, பிள்ளை. நாங்கள் மிஞ்சியிருக்கிறதே கொஞ்சப் பேர்."

8 மார்ச்

வாஹானும் தன் அப்பாவிடம் சொல்லிவிட்டான். பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற மனிதர், பெயர் சார்க்கிஸ். அவருடைய பதில்: "நாங்கள் மிஞ்சியிருப்பதே கொஞ்சப் பேர்."

இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்களோ?

16 மார்ச்

சார்க்கிசும் வாஹானும் பேர்ணுக்கு, எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கல்யாணத்தைப் பேசி முடிக்க அல்ல, முறிக்க. அம்மா வைத்த கறிகளுக்கு மேசையில் இடம் போதவில்லை. முறிக்கிறதென்றாலும் சாப்பிட்டுவிட்டுத்தானே முறிக்க வேண்டும்.

ஆனால் கல்யாணப் பேச்சு வரவேயில்லை. சார்க்கிஸ் தன் பூர்வீக ஊரைப் பற்றித் தொடங்கினார். துருக்கிச் சுல்தானின் ஆட்சியில் மலைக்குள் இருந்த ஸெய்தூன். 1895இல், சுற்றுவட்டாரத்தில் ஆர்மேனியரைக் கொல்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் மலைச்சனம் துவக்கைத் தூக்கியதாம். படைமுகாமைப் பிடித்து, உள்ளே இருந்தவர்களைச் சிறைவைத்து, குளிர்காலம் முழுக்கச் சுல்தானின் சேனையை மறித்து நின்றார்களாம். கடைசியில் ஐரோப்பியத் தூதர்கள் வந்து சமாதானம் பேசினார்களாம்.

"சமாதானம் பேச வெள்ளைக்காரர் வந்தவையோ!" அப்பாவின் முகம் மலர்ந்தது. "எங்களுக்கும் வந்தவை. பிறகு?"

"இருபது வருடம் கழித்து ஊரையே துரத்திவிட்டார்கள். அப்போது ஒருவரும் வரவில்லை."

"ஓம். அப்பிடித்தான்."

இவ்வளவும் உடைந்த ஜெர்மனில். எனக்கும் வாஹானுக்கும் சோறு போட ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. வாசலில் இரண்டு அப்பாக்களும் கட்டித்தழுவிப் பிரிந்தார்கள். கல்யாணம் கூடாது என்பதில் பேசாமலே முழு உடன்பாடாம்.

5 ஏப்ரல்

அப்பாவும் சார்க்கிசும் பேர்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் தூண் ஏரியைச் சுற்றிப் பார்க்கப் போயிருக்கிறார்கள். எங்களைக் கூப்பிடவில்லை.

24 ஏப்ரல்

ஆர்மேனியரின் இனப்படுகொலை நினைவுநாள். அப்பா ஆஸ்பத்திரிச் சமையலறையில் லீவு எடுத்து, கறுப்புக் கோட்டோடு போனார். என் பட்டமளிப்புக்கு லீவு கிடைக்கவில்லை என்றவர்.

18 மே

முள்ளிவாய்க்கால் நாள். முன்வரிசையில் சார்க்கிஸ். எங்கட ஆட்கள் அவரை யாரோ பெரிய அரசியல்வாதி என்று நினைத்து மேடையில் ஏற்றினார்கள். மறுபடியும் ஸெய்தூன். பலத்த கைதட்டல். நானும் வாஹானும் பின்னால் நின்றோம், இரண்டு பெரிய துயரங்களுக்கு நடுவில் ஒரு சின்னச் சங்கடம் மாதிரி.

"விட்டுவிடுவோமா?" என்றான் வாஹான். பகிடிக்குத்தான். பகிடிதானா?

1 ஜூன்

எல்லாவற்றையும் நானே கெடுத்துக்கொண்டேன்.

சார்க்கிஸ் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. வழமைபோலக் கதையில் முகாமைப் பிடித்தார். நான் கேட்டேன்: "பிடிபட்ட ஆமிக்காரருக்குப் பிறகு என்ன நடந்தது?"

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"சஜீதா, விடு," என்றார் அப்பா தமிழில்.

ஏன் விடவேணும் நான்? எத்தினை தரம் இந்தக் கதையைக் கேட்டிட்டன், ஒருக்காலும் அந்தப் பிடிபட்ட மனிசர் முகாமை விட்டு வெளியில வந்ததில்லையே!

சார்க்கிஸ் எழுந்து பல்கனிக்குப் போனார். திரும்பி வரவில்லை.

காரில் அப்பா பொரிந்து தள்ளினார். "ஆக்களிட்ட அதெல்லாம் கேக்கிறதோ?"

"அப்ப உங்களிட்டக் கேக்கலாமோ?"

அப்பா இயக்கத்தில் இருந்தது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. அவர் ரேடியோவைச் சத்தமாக வைத்தார்.

9 ஜூன்

சார்க்கிஸ் என் கைபேசிக்கே அழைப்பு எடுத்தார்.

"பிடிபட்டவர்களில் ஒருவரும் உயிரோடு வீடு திரும்பவில்லை. ஊர்ப் பெண்களும் சேர்ந்துதான் கொன்றார்களாம். என் அப்பா ஒரே ஒரு தடவை சொன்னார்." தொடர்ந்தார்: "என் மகன் இன்றுவரை என்னிடம் இதைக் கேட்டதில்லை. நீ எங்கள் வீட்டுக்கு மருமகளாக வா, பிள்ளை."

அழுதுகொண்டே அப்பாவிடம் போனேன்.

"அவன் ஓம் எண்டிட்டானோ?" அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப நாங்கள் என்ன குறைஞ்ச ஆக்களோ? நானும் ஓம்."

ஓர் இனத்தின் எதிர்காலம் இவ்வளவு கெதியில் தீர்மானமானதை நான் கண்டதில்லை.

20 செப்டம்பர்

காலையில் கோயில், மத்தியானம் தேவாலயம், பின்னேரம் பாடனில் மண்டபம். கால் வீங்கிப்போயிருக்கிறது. ஆனாலும் இதை எழுதிவிட்டுத்தான் படுப்பேன்.

சார்க்கிஸ் ஒலிவாங்கியை வாங்கி ஜெர்மனில் தொடங்கினார். ஒருவரும் கேட்காமலே அப்பா மொழிபெயர்க்க மேடையேறினார். மலை, துவக்கு, முகாம். வழக்கமாகக் கைதட்டும் இடம் வந்தது. சார்க்கிஸ் நிறுத்தவில்லை.

"பிடிபட்டவர்களை நாங்கள் கொன்றோம்," என்றார். "என் மருமகள் கேட்டாள். அதனால் சொல்கிறேன்."

கல்யாண வீட்டில் சொல்கிற பேச்சா இது? அப்பா ஒலிவாங்கியை வாங்கினார். பிறகு அதை அப்படியே தமிழில் சொன்னார். சொல்லி முடித்தும் ஒலிவாங்கியை இறக்கவில்லை.

"எங்களிட்டயும் பிடிபட்டவங்கள் இருந்தவங்கள். அதை நாங்கள் ஒரு மேடையிலயும் சொல்லேல்லை."

தமிழர் இருந்த மேசைகளில் ஓர் அசைவில்லை. அம்மா தலையைக் குனிந்துகொண்டார். தமிழ் விளங்காத ஆர்மேனியர் மரியாதைக்குக் கைதட்டினார்கள்.

வாஹான் என் காதருகே குனிந்தான். "என் அப்பா சொன்னது கொஞ்சம்தானே. தமிழில் ஏன் இவ்வளவு நீளம்?"

"தமிழ் அப்படித்தான்," என்றேன்.